92 சென்டிமீட்டர் அலையும் 0.38 மில்லிமீட்டர் கம்பியும்: கட்டவலையை நுணுக்கத் தொடங்குவோருக்கு ஒரு வழிகாட்டி

உதகைக்கு அருகே முத்தோரை மலைச்சரிவில் 1970 முதல் இயங்கிவரும் வானொலித் தொலைநோக்கி, 530 மீட்டர் நீளமும் 30 மீட்டர் அகலமும் கொண்ட ஒரு பரவளைய உருளை. சரிவின் சாய்வு அவ்விடத்தின் அட்சரேகையான ஏறத்தாழ 11 பாகையோடு ஒத்துப்போவதால் உருளையின் நீள அச்சு பூமியின் சுழலச்சுக்கு இணையாக அமைந்திருக்கிறது; வானொலி வானியலாளர் கோவிந்த் ஸ்வரூப்பும் அவருடைய குழுவினரும் இந்தச் சரிவைத் தேர்ந்ததன் காரணம் அது. நமக்கு இங்கே வேண்டியது அச்சு அன்று, உருளையின் பரப்பு. அது தகட்டால் ஆனதன்று. 0.38 மில்லிமீட்டர் விட்டமுள்ள 1100 துருப்பிடிக்காத எஃகுக் கம்பிகளை நீளவாக்கில் இணையாக இழுத்துக் கட்டியிருக்கிறார்கள். தொலைநோக்கி வேலை செய்யும் அதிர்வெண் 326.5 மெகாஹெர்ட்ஸ், அதாவது அலைநீளம் ஏறத்தாழ 92 சென்டிமீட்டர். கம்பியின் விட்டத்தைப் போல 2400 மடங்கு நீளமுள்ள அலை அந்தக் கம்பியால் தடுக்கப்படுகிறது.

இந்த 2400 மடங்கு வேறுபாட்டைக் கணினியில் எப்படிக் கையாள்வது என்பதே கட்டவலையை, அதாவது கணக்கிடுவதற்காக வெளியைச் சிறு கட்டங்களாகப் பிரிக்கும் வலையை, நுணுக்கும் கலையின் மையம். இயற்பியலோ மின்னணுவியலோ படித்து, மாக்ஸ்வெல் சமன்பாடுகளை ஒருமுறையாவது எழுதிப் பார்த்து, பைத்தானிலோ ஆக்டேவிலோ சிறு நிரல் எழுதத் தெரிந்தவர்களை மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன். எடுத்துக்காட்டு முழுவதும் முத்தோரைக் கம்பிதான். 30 மீட்டர் அகலத்துக்கு 1100 கம்பிகள் என்றால் இடைவெளி ஏறத்தாழ 3 சென்டிமீட்டர் வரும்; எளிமைக்காகச் சரியாக 3 என்றே வைத்துக்கொள்வோம். ஆகவே கீழே வரும் கசிவு விழுக்காடுகள் இந்த எளிய மாதிரிக்கு உரியவை, தொலைநோக்கியில் அளந்து எடுத்தவை அல்ல.

முறை எது

1966-இல் கேன் யீ முன்வைத்த முறையையே, அதாவது எஃப்.டி.டி.டி. (FDTD, காலவெளி வரம்புறு வேறுபாட்டு முறை) என்று இன்று அழைக்கப்படுவதையே, பயன்படுத்துகிறோம். வெளியைச் சிறு செவ்வகக் கட்டங்களாகப் பிரித்து, கட்டங்களின் விளிம்புகளில் மின்புலத்தையும் முகங்களில் காந்தப்புலத்தையும் வைத்து, ஒன்றிலிருந்து மற்றொன்றை அரைக் காலப்படி இடைவெளியில் மாறிமாறிக் கணக்கிட்டுக்கொண்டே போவது இதன் சாரம். இலவச மென்பொருள்களில் ஓப்பன்இஎம்எஸ், சீரற்ற இடைவெளியுள்ள கட்டக்கோடுகளை ஏற்கும். மீப் ஒரே அளவுக் கட்டங்களையே ஏற்கும். நம்முடைய கம்பிக்கு முன்னதே பொருத்தம்.

முதல் படி: விடை தெரிந்த கணக்கோடு தொடங்குங்கள்

புதிதாக வருபவர்கள் பெரும்பாலும் தொலைநோக்கி முழுவதையும், குறைந்தபட்சம் ஒரு டைபோலையும் பிரதிபலிப்பானையும் சேர்த்து, முதல் நாளே வரைந்துவிட ஆசைப்படுகிறார்கள். அப்படிச் செய்தால் வரும் விடை சரியா என்று கேட்டுப்பார்க்க வழியே இருக்காது. இணைக் கம்பிகளின் வரிசை ஒன்றின்மேல், கம்பிக்கு இணையாக அதிரும் மின்புலத்தோடு நேர்குத்தாக வரும் அலைக்கு, ஹோரஸ் லாம் 1898-லேயே விடை கண்டிருக்கிறார். கம்பிகளின் இடைவெளி அலைநீளத்தைவிட மிகச் சிறியதாகவும், ஆரம் அந்த இடைவெளியைவிட மிகச் சிறியதாகவும் இருந்தால் அவருடைய சூத்திரத்தை இப்படிச் சொல்லலாம்: இடைவெளியை அலைநீளத்தால் வகுத்து, அதை, இடைவெளிக்கும் கம்பிச் சுற்றளவுக்கும் உள்ள விகிதத்தின் இயல் மடக்கையால் பெருக்கி, இரட்டிப்பாக்குங்கள். அந்த எண்ணின் வர்க்கத்தை, அதே வர்க்கத்தோடு 1-ஐக் கூட்டி வந்த தொகையால் வகுத்தால், கம்பிகளுக்கு இடையே கசிந்து மறுபக்கம் போகும் ஆற்றலின் பங்கு கிடைக்கும்.

3 சென்டிமீட்டர் இடைவெளி, 0.19 மில்லிமீட்டர் ஆரம், 92 சென்டிமீட்டர் அலைநீளம் ஆகியவற்றை இட்டால் மடக்கை 3.22, இரட்டித்த எண் 0.21, கசிவு 4.2 விழுக்காடு. இந்த எண்ணைத் தாளில் எழுதி மேசையில் ஒட்டிவையுங்கள். இது வெறும் பயிற்சிக் கணக்கும் அன்று. கசிந்து போகும் வழியாகவே கீழேயுள்ள மண்ணின் வெப்பக் கதிர்வீச்சும் மேலே வருகிறது. 290 கெல்வின் மண்ணிலிருந்து 4.2 விழுக்காடு என்றால் ஏறத்தாழ 12 கெல்வின் இரைச்சல்.

இந்தக் கணக்கின் இன்னொரு வசதி, ஒரே ஒரு கம்பியை வரைந்தால் போதும் என்பது. 3 சென்டிமீட்டர் அகலமுள்ள ஒரு பெட்டியின் நடுவே கம்பியை நிறுத்தி, பக்கச் சுவர்கள் இரண்டையும் காந்தச் சுவர்களாகவும் (சுவரை ஒட்டி அதற்கு இணையாக உள்ள காந்தப்புலம் சுழியாகும் கற்பனைச் சுவர்கள்), கம்பியின் இரு முனைகள் முட்டும் சுவர்களை மின்கடத்திச் சுவர்களாகவும் அறிவித்தால், எல்லையற்ற கம்பி வரிசையைக் கணினி தானே கற்பனை செய்துகொள்ளும். கம்பியின் நீளவாக்கில் ஒரே ஒரு கட்டம் போதும்.

இரண்டாம் படி: அலைநீளத்தைக் கொண்டு அடிக்கட்டத்தை முடிவு செய்யுங்கள்

கட்டவலையில் ஓடும் அலை உண்மை அலையைவிடச் சற்று மெதுவாக ஓடும். ஓர் அலைநீளத்துக்கு எத்தனை கட்டங்கள் என்பதன் வர்க்கத்தால் 1.64-ஐ வகுத்தால், கட்டக்கோட்டின் திசையில் ஓடும் அலைக்கு அந்தப் பிழை ஏறத்தாழக் கிடைக்கும். 10 கட்டங்களுக்கு 1.6 விழுக்காடு, 20-க்கு 0.4 விழுக்காடு. 0.4 சிறிதாகத் தெரிந்தாலும் ஒவ்வோர் அலைநீளத்துக்கும் ஒன்றரைப் பாகை வீதம் தறுவாய்ப் பிழை (அலையின் ஏற்ற இறக்கம் இடம் தள்ளிப்போவது) சேர்ந்துகொண்டே போகும் என்பதால், பெட்டி எத்தனை அலைநீளம் என்பதைப் பார்த்தே முடிவெடுக்க வேண்டும். நம் பெட்டி ஓரலைநீளம்தான். வெற்றுவெளியில் 2 சென்டிமீட்டர் கட்டம் தாராளம்.

பெட்டிக்குள் வேறு பொருள் இருந்தால் அலைநீளம் அதற்குள் சுருங்கும். மழைக்காலத்து ஈரமண்ணின் மின்கடத்தாப் பொருள் மாறிலி 20 என்று கொண்டால் அலைநீளம் 20 சென்டிமீட்டருக்கு இறங்கிவிடும். கம்பிக்குக் கீழே தரையையும் சேர்க்க நினைப்பவர்கள் அங்கே 1 சென்டிமீட்டர் கட்டம் போட வேண்டும்.

உலோகத்துக்குள் கட்டம் போட முனையாதீர்கள். இந்த அதிர்வெண்ணில் எஃகின் புறணி ஆழம், அதாவது அலை உலோகத்துக்குள் ஊடுருவும் ஆழம், ஏறத்தாழ 0.02 மில்லிமீட்டர். கம்பியை முழுக்கடத்தியாகவே கொள்ளலாம். கசிவின் மதிப்பு அதனால் மாறாது.

மூன்றாம் படி: கம்பியைக் கோடாக வரைந்து என்ன நடக்கிறதென்று பாருங்கள்

இந்தப் படியைத் தாவிவிட்டுப் போகாதீர்கள் என்று வற்புறுத்திச் சொல்வேன், ஏனெனில் கட்டவலை நுணுக்கத்தில் மிகப் பரவலான பொறி இங்கேதான் இருக்கிறது.

மெல்லிய கம்பியை வரைய எளிய வழி, ஒரு கட்டக்கோட்டின்மேல் உள்ள மின்புலத்தைச் சுழி ஆக்கிவிடுவது. கோட்டுக்குத் தடிமன் இல்லை. ஆனால் கணினி அதைத் தடிமன் இல்லாத கம்பியாகப் பார்ப்பதில்லை. சுற்றியுள்ள கட்டங்களுக்கு அது, கட்ட அகலத்தில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு ஆரமுள்ள கம்பியாகவே தென்படும். ஆகவே 1 சென்டிமீட்டர் கட்டத்தில் வரைந்த கோடு, 2 மில்லிமீட்டர் ஆரமுள்ள ஓர் உருட்டுக்கம்பி. அந்த ஆரத்தை லாமின் சூத்திரத்தில் இட்டால் கசிவு 0.3 விழுக்காடுதான் வருகிறது. உண்மை விடை 4.2 என்பதை நினைவில் கொள்ளுங்கள். மண்ணின் 12 கெல்வின் இரைச்சல் இந்தக் கட்டவலையில் 1 கெல்வினுக்கும் கீழே காணாமல் போய்விடுகிறது.

சரி, நுணுக்குவோம் என்று கட்டத்தைப் பாதிப்பாதியாகக் குறைத்துக்கொண்டு போனால், அதே கணக்குப்படி 5 மில்லிமீட்டருக்கு 1.0, இரண்டரைக்கு 2.1, 1.25-க்கு 3.6, 0.625-க்கு 5.3 விழுக்காடு என்று விடை ஏறிக்கொண்டே போகும். இது எங்கும் நிற்காது. 4.2-ஐத் தாண்டிப் போன பிறகும் ஏறும். ஏனெனில் ஒவ்வொரு முறை கட்டத்தை நுணுக்கும்போதும் கம்பியும் சேர்ந்தே மெலிந்துவிடுகிறது. நாம் ஒரே கணக்கைத் துல்லியமாக்கவில்லை, ஒவ்வொரு முறையும் வேறொரு கணக்கைப் போடுகிறோம். கடைசி இரண்டு கட்டவலைகளுக்கும் இடையே எங்காவது நிறுத்தியிருந்தால் சரியான விடை தற்செயலாக வந்திருக்கும். அதைக் கண்டு மகிழ்ந்து அறிக்கை எழுதியவர்கள் இருப்பார்கள் என்பதில் எனக்கு ஐயமில்லை. கட்டத்தை நுணுக்கும்போது பொருளின் வடிவம் மாறக் கூடாது. இதை உறுதி செய்யாமல் எடுக்கும் எந்த ஒருங்கல் சோதனைக்கும் (நுணுக்க நுணுக்க விடை ஒரே மதிப்பை நெருங்குகிறதா என்று பார்ப்பதற்கும்) மதிப்பில்லை.

நான்காம் படி: வடிவத்தை நிலைநிறுத்தி, கம்பியைச் சுற்றி மட்டும் நெருக்குங்கள்

வட்டக் கம்பியைச் செவ்வகக் கட்டங்களில் வரைந்தால் விளிம்பு படிக்கட்டாகிவிடும். கட்டத்தை மாற்றும்போதெல்லாம் படிக்கட்டின் வடிவமும் மாறி, விடை முன்னும் பின்னும் துள்ளும். இதற்கு ஓர் எளிய தந்திரம் உண்டு. சதுரக் குறுக்குவெட்டுள்ள கம்பி, தன் பக்கத்தைப் போல 0.59 மடங்கு ஆரமுள்ள வட்டக் கம்பிக்கு மின்காந்த வகையில் சமம். 0.19-ஐ 0.59-ஆல் வகுத்தால் 0.32. ஆக, 0.32 மில்லிமீட்டர் பக்கமுள்ள சதுரக் கம்பியை வரைந்தால் அது கட்டக்கோடுகளின்மேல் அச்சாகப் பொருந்தும். பக்கத்துக்கு 2 கட்டம், 4 கட்டம், 8 கட்டம் என்று எப்படிப் பிரித்தாலும் வடிவம் மாறாது.

4 கட்டம் என்று தொடங்குவோம். கம்பியையொட்டிக் கட்டத்தின் அளவு 0.08 மில்லிமீட்டர். வெளியே போகப் போக ஒவ்வொரு கட்டமும் முந்தையதைவிட 1.3 மடங்குக்கு மேல் பெரிதாகாதபடி விரித்துக்கொண்டு போக வேண்டும். சரிவு செங்குத்தான இடத்தில் நெருங்கியும் தொட்டபெட்டா உச்சிப் புல்வெளி போன்ற மென்சாய்வில் விலகியும் ஓடும் சம உயரக் கோடுகளைப் போல, புலம் வேகமாக மாறும் இடத்தில் கட்டக்கோடுகள் நெருங்கியிருந்தால் போதும். அகலவாக்கில் உச்ச வரம்பு 2 மில்லிமீட்டர், அலை ஓடும் திசையில் 2 சென்டிமீட்டர் என்று வையுங்கள். ஓப்பன்இஎம்எஸ்ஸில் முக்கியமான கோடுகளை மட்டும் நீங்கள் கொடுத்து, இடைப்பட்டவற்றை ஸ்மூத்மெஷ்லைன்ஸ் என்னும் செயல்கூறிடம் விட்டுவிடலாம். ஆனால் அது போட்ட கோடுகளை ஒருமுறை அச்சிட்டுப் பார்ப்பது நல்லது. இரண்டு கோடுகள் தவறுதலாக மயிரிழை தூரத்தில் அமைந்துவிட்டால் கணக்கு நகரவே நகராது. காரணத்தை அடுத்த படியில் பார்ப்போம்.

கணக்கைப் பாருங்கள். அகலவாக்கில் கம்பியின் ஒவ்வொரு பக்கத்துக்கும் ஏறத்தாழ 19 கட்டங்கள், மொத்தம் 38. ஒரு மீட்டர் நீளமுள்ள பெட்டியில் அலையின் திசையில் ஏறத்தாழ 90. பெருக்கினால் 3,420 கட்டங்கள். இதையே எங்கும் 0.08 மில்லிமீட்டர் என்று சீராகப் போட்டிருந்தால் 375-ஐ 12,500-ஆல் பெருக்கி, 46 லட்சத்து 87 ஆயிரத்துக்கு மேல் வந்திருக்கும். அதாவது 1,370 மடங்கு சுமை.

விரிவு விகிதத்தை 1.3-க்குப் பதில் 2 அல்லது 3 என்று வைத்தால் கட்டங்கள் இன்னும் குறையும் என்று தோன்றும். அப்படி வைத்தால் அளவு சட்டென்று மாறும் ஒவ்வோர் இடத்திலும் அலை கொஞ்சம் எதிரொளிக்கும். சீரற்ற கட்டவலையில் ஒவ்வொரு கட்டத்திலும் எழும் பிழை முதல் வரிசையானது (கட்டத்தைப் பாதியாக்கினால் பாதியாவது) என்றாலும் மொத்த விடை இரண்டாம் வரிசைத் துல்லியத்தை (பிழை கால்பங்காவது) காக்கிறது என்று மாங்கும் சூலியும் 1994-இல் நிறுவியிருக்கிறார்கள். பிழை எந்த வேகத்தில் குறையும் என்பதற்கு அது உறுதி. எந்த அளவில் தொடங்கும் என்பதற்கு அன்று. 1.5-ஐத் தாண்டாமல் இருப்பது என் வழக்கம்.

வட்டக் கம்பிக்குப் பதில் தட்டையான செப்புப் பட்டையை, அதாவது அச்சிட்ட ஆண்டெனாவை, கணிப்பவர்கள் விளிம்பைக் கட்டக்கோட்டின்மேல் நேரே வைக்காமல், விளிம்புக் கட்டத்தில் மூன்றில் ஒரு பங்கு உலோகத்துக்குள்ளும் இரண்டு பங்கு வெளியிலும் விழும்படி கோடுகளை நகர்த்தினால் பிழை வெகுவாகக் குறையும்.

ஐந்தாம் படி: காலப்படியின் விலையைத் தெரிந்துகொள்ளுங்கள்

கூரான்ட், ஃபிரீட்ரிக்ஸ், லெவி ஆகிய மூவரும் 1928-இல் கண்ட நிபந்தனைப்படி, ஒரு காலப்படியில் அலை மிகச் சிறிய கட்டத்தைத் தாண்டிப் போய்விடக் கூடாது. தாண்டினால் எண்கள் வெடித்துப் பெருகும். 0.08 மில்லிமீட்டர் சதுரக் கட்டத்துக்கு இந்த வரம்பு ஏறத்தாழ 0.19 பைக்கோநொடி. நம் அலையின் ஒரு சுற்று 3.06 நானோநொடி. ஆக ஒரு சுற்றுக்கு 16 ஆயிரம் காலப்படிகள். கம்பியருகே உள்ள ஒரே ஒரு குட்டிக் கட்டத்துக்காகப் பெட்டி முழுவதும் இந்தச் சிற்றடியில்தான் நடக்க வேண்டும். கட்டக்கோடுகளை விரித்ததால் கட்டங்களின் எண்ணிக்கை குறைந்ததே தவிர, காலப்படி ஒரு துளியும் பெரிதாகவில்லை. மயிரிழை இடைவெளியில் விழுந்த தவறான கோட்டுக்கு அஞ்ச வேண்டும் என்று சொன்னது இதனால்தான்.

பத்துச் சுற்று ஓட்டினாலும் 3,420 கட்டங்களுக்கு 1.6 லட்சம் படி என்பது சாதாரண மடிக்கணினிக்குச் சில நிமிட வேலைகூட இல்லை. சீரான கட்டவலைக்கு மணிக்கணக்காகும். முப்பரிமாணத்துக்குப் போகும்போது கணக்கு கடுமையாகும்: கட்டத்தைப் பாதியாக்கினால் எண்ணிக்கை 8 மடங்கு, காலப்படிகள் 2 மடங்கு, ஆக 16 மடங்கு. தென்மேற்குப் பருவமழையில் கூடலூர், உதகைப் பக்கம் மின்சாரம் எப்போது போகும் என்று சொல்ல முடியாது. நீண்ட ஓட்டங்களில் இடைநிலை விடைகளைக் கோப்பில் சேமிக்கும் வசதியை முதலிலேயே எழுதிக்கொள்ளுங்கள்.

ஆறாம் படி: மூன்று கட்டவலைகளில் ஓட்டி ஒப்பிடுங்கள்

கம்பியின் பக்கத்துக்கு 2, 4, 8 கட்டங்கள் என்று மூன்று வலைகள் வேண்டும். இரண்டாவதை முதலாவதிலிருந்து எடுக்கும்போது, ஒவ்வொரு கட்டத்தையும் இரண்டாகப் பிளந்தே எடுக்க வேண்டும். கம்பியருகே மட்டும் நெருக்கிவிட்டு வெளிப்பகுதியின் 2 சென்டிமீட்டரை அப்படியே விட்டுவிட்டால், வெளியிலிருந்து வரும் பிழை மூன்று வலைகளிலும் ஒரே அளவாக ஒளிந்துகொண்டு, விடை நிலைத்துவிட்டது போன்ற தோற்றத்தைத் தரும்.

ஒவ்வொரு வலையிலும் இரண்டு ஓட்டங்கள்: ஒன்று கம்பியோடு, மற்றொன்று அதே வலையில் கம்பியை மட்டும் நீக்கி. மறுபக்கம் போன அலையின் ஆற்றல் நிறமாலைகளில் முன்னதைப் பின்னதால் வகுத்தால் கசிவு கிடைக்கும். வலையின் பொதுவான பிழைகள் வகுத்தலில் கழிந்துவிடும். பிறகு முதல் இரண்டு விடைகளின் வேறுபாட்டை அடுத்த இரண்டின் வேறுபாட்டால் வகுத்துப் பாருங்கள். 4-ஐ ஒட்டி வந்தால் முறை இரண்டாம் வரிசையில் ஒருங்குகிறது. 2 என்றால் முதல் வரிசை. சதுரத்தின் மூலைகளில் புலம் கூராக ஏறுவதால் நமக்கு இடைப்பட்ட மதிப்பு ஒன்று வரும், அதில் பிழையில்லை. 1-க்குக் கீழே வந்தாலோ குறி மாறினாலோ வலை இன்னும் போதவில்லை, அல்லது வடிவம் எங்கோ மாறுகிறது என்று பொருள். கிடைத்த விகிதத்திலிருந்து 1-ஐக் கழித்து, அதனால் கடைசி வேறுபாட்டை வகுத்து, கடைசி விடையோடு அதே போக்கில் சேர்த்தால் எல்லையற்ற நுணுக்கத்துக்கான மதிப்பீடு கிடைக்கும். அதுதான் 4.2-ஐ ஒட்டி இருக்க வேண்டும்.

ஒட்டி வராவிட்டால் முதலில் சந்தேகிக்க வேண்டியது கம்பியை அன்று, பெட்டியின் இரு முனைகளையும். அங்கே அலையை விழுங்க வைக்கும் உறிஞ்சு படலத்தை, 1994-இல் பெராஞ்சே வடிவமைத்த பி.எம்.எல்.-ஐ, கட்ட அளவு மாறிக்கொண்டிருக்கும் பகுதிக்குள் நுழைய விடாதீர்கள். படலத்துக்குள்ளும் அதற்கு முன் சில கட்டங்களுக்கும் அளவு சீராக இருக்கட்டும்.

விரித்த வலை போதாதபோது

செவ்வகக் கட்டக்கோடு பெட்டியின் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை ஓடும். கம்பிக்காக நெருக்கிய கோடுகள், நெருக்கம் தேவையே இல்லாத இடங்களிலும் நெருக்கமாகவே செல்லும். ஒரு கம்பிக்கு இது தொல்லையில்லை. பரவளையத்தில் வளைந்து நிற்கும் பத்துக் கம்பிகளை ஒன்றாக வரைந்தால் அகலவாக்கிலும் உயரவாக்கிலும் எல்லாக் கோடுகளும் நெருங்கி, விரித்த வலையின் ஆதாயம் பெரும்பாலும் கரைந்துவிடும்.

அப்போது மூன்று வழிகள் உண்டு. என் பார்வையில் முதலில் முயல வேண்டியது மென்கம்பி மாதிரி. கம்பியருகே காந்தப்புலம் தூரத்துக்குத் தலைகீழ் விகிதத்தில் குறையும் என்பது முன்பே தெரிந்த செய்தி. அதைக் கட்டங்களைக் கொண்டு மறுபடி கண்டுபிடிக்காமல், கம்பியை ஒட்டிய காந்தப்புலச் சமன்பாட்டிலேயே ஆரத்தின் மடக்கையாக எழுதிவிடுவது இந்த மாதிரி. ஹாலண்டும் சிம்ப்சனும் 1981-இலும், உமாசங்கர், டாஃப்லோவ், பெக்கர் ஆகியோர் 1987-இலும் இதற்கு வடிவம் கொடுத்தனர். 5 மில்லிமீட்டர் கட்டத்திலேயே 0.19 மில்லிமீட்டர் ஆரத்தைச் சொல்லிவிடலாம். கட்டத்தை இரண்டரையாகக் குறைத்தாலும் கம்பி மெலியாது.

அடுத்தது உள்வலை: பெரிய கட்டங்களின் நடுவே ஒரு சிறு பகுதியில் மட்டும் மூன்றில் ஒரு பங்கு அளவுக் கட்டங்களை வைத்து, அங்கே காலப்படியையும் தனியாகச் சிறிதாக்குவது. 3 போன்ற ஒற்றைப்படை விகிதத்தைப் பலரும் தேர்வதற்குக் காரணம், பெரிய வலையின் புலப் புள்ளிகள் சிறிய வலையின் புள்ளிகள்மேல் சரியாக விழுவதே. கேட்க மிக அழகான இந்த வழியில், இரு வலைகளும் சந்திக்கும் எல்லையில் இடைமதிப்பீடு (ஒரு வலையின் புலத்திலிருந்து மற்றதன் புலத்தைக் கணிப்பது) சரியாக எழுதப்படாவிட்டால் ஆயிரக்கணக்கான படிகள் ஒழுங்காக ஓடிய பிறகு எண்கள் மெல்ல வீங்கி வெடிக்கும். தொடக்கக்காரர்கள் இதைத் தாங்களே எழுத முற்படாமல், உள்வலை வசதி ஏற்கெனவே உள்ள ஜிபிஆர்மேக்ஸ் போன்றவற்றில் பழகட்டும். எல்லையைக் கம்பியிலிருந்து சில பெரிய கட்டங்களாவது தள்ளி வையுங்கள். ஓட்டத்தை வேண்டிய நேரத்தைப்போல மூன்று மடங்கு நீட்டி, மொத்த ஆற்றல் கடைசிவரை இறங்குமுகமாகவே இருக்கிறதா என்று பாருங்கள்.

மூன்றாவது, செவ்வகத்தையே கைவிட்டு, நான்முகிகளாலான வரம்புறு உறுப்பு முறைக்குப் போவது. அங்கே பிழை மிகுந்த உறுப்புகளை மென்பொருளே கண்டறிந்து பிளக்கும். ஒற்றை அதிர்வெண்ணுக்கு அது வசதியானது. அப்போதும் மென்பொருள் நின்ற இடத்தை நம்பி நிறுத்தாமல், நிறுத்தும் வரம்பைப் பத்தில் ஒன்றாகக் குறைத்து இன்னொரு முறை ஓட்டி, கசிவின் மதிப்பு எந்த இலக்கத்தில் அசைகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள்.

ஒரு கம்பியின் கசிவு மூன்று வலைகளிலும் நிலைத்து லாமின் விடையோடு ஒத்துப்போன பிறகு, அதே கோப்பில் கம்பிகளின் இடைவெளியை 2 சென்டிமீட்டராகவும் 4 சென்டிமீட்டராகவும் மாற்றி ஓட்டுங்கள். சூத்திரம் முறையே 1.5, 8.5 விழுக்காடு என்று சொல்லும். அவையும் பொருந்தினால் அலையைச் சாய்வாக விட்டுப் பார்க்கலாம். அதற்குக் காந்தச் சுவர்கள் உதவா, பெட்டியின் இரு பக்கங்களுக்கும் இடையே வரும் தறுவாய் வேறுபாட்டை ஏற்கும் மீள்வரு எல்லை நிபந்தனை தேவைப்படும்.